ஏழு வருடத் தண்டனை 1860-லேயே வந்துவிட்டது

வேலூர் மெயின் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது: "ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஐந்து பெண்களும் இரண்டு ஆண்களும் தனித்தனியாக வருகிற மாதிரி வந்து, 11 பட்டுப்புடவைகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்தால், மனுவை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு சரி. கலிபோர்னியாவில் இப்படிக் கூட்டமாக வந்து கடையில் திருடுகிறவர்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்களாம். இங்கே ஏன் அப்படி ஒரு சட்டம் இல்லை? பத்து வருடம் உள்ளே போட்டால்தானே பயம் வரும்?"

சத்துவாச்சாரி கோர்ட்டில் இருபது வருடத்துக்கு மேலாக கிரிமினல் வழக்குதான் நடத்துகிறேன். கடைக்காரர்களுக்காகவும் நின்றிருக்கிறேன், திருட்டு வழக்கில் மாட்டியவர்களுக்காகவும் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சட்டம் இல்லை என்பதே முதலில் சரியில்லை. 2024 ஜூலை 1-ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டத்தை எடுத்துவிட்டு பாரதிய நியாய சன்ஹிதாவைக் கொண்டுவந்தார்கள். கோர்ட்டில் எல்லோரும் பிஎன்எஸ் என்றுதான் சொல்கிறோம். அதன் 112-ஆவது பிரிவு 'சிறு அளவிலான அமைப்புசார் குற்றம்' என்று ஒரு புதுக் குற்றத்தைச் சொல்கிறது. ஒரு குழுவிலோ கும்பலிலோ உறுப்பினராக இருப்பவர், தனியாகவோ சேர்ந்தோ, திருட்டு, பறிப்பு, மோசடி, டிக்கெட்டைக் கள்ளத்தனமாக விற்பது, கேள்வித்தாள் விற்பது போன்றவற்றைச் செய்தால் இதில் வருவார். திருட்டு என்றால் எதெல்லாம் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது: பிக்பாக்கெட், லாரிச் சரக்குத் திருட்டு, ஏடிஎம் திருட்டு, அவற்றோடு கடையில் வாடிக்கையாளர் போல வந்து பொருளைத் தூக்குவதும். தண்டனை குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஏழு வருடம், அபராதமும் உண்டு. ஜாமீனில் விட முடியாத பிரிவு. நீங்கள் கேட்ட சட்டம் வந்தே விட்டது, உங்கள் புகார் மனுவில்தான் வரவில்லை.

ஆனால் இந்த ஏழு வருடம் ஒன்றும் புதிதில்லை. பழைய சட்டத்தின் 380-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மனிதர் குடியிருக்கும் கட்டடத்திலோ, 'பொருளைப் பாதுகாத்து வைக்கப் பயன்படும்' கட்டடத்திலோ திருடினால் ஏழு வருடம் வரை என்று 1860-இல் எழுதி வைத்தது அது. கடை அந்த இரண்டாவது வகை. இப்போது அதே பிரிவு பிஎன்எஸ் 305 ஆகியிருக்கிறது. நம் தாத்தா காலத்திலிருந்தே கடைக்குள் புடவை திருடினால் ஏழு வருடம் வரை கொடுக்கலாம். இத்தனை வருடத்தில் புடவைத் திருட்டுக்கு ஏழு வருடம் முழுதாகக் கொடுத்த தீர்ப்பு ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. 112-இல் உண்மையிலேயே புதிது அந்தக் குறைந்தபட்ச ஒரு வருடம்தான். கும்பல் என்று நிரூபித்துவிட்டால் நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாது.

சரி, அப்புறம் ஏன் சிஎஸ்ஆரோடு நிற்கிறது? புகாரை எப்படி எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பிஎன்எஸ் 303 சாதாரணத் திருட்டு, மூன்று வருடம் வரை. அதிலேயே ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், ஆள் முதல்முறை குற்றவாளி, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூகசேவைதான் தண்டனை. இந்த வகை வழக்கை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. அதிகபட்சத் தண்டனை மூன்று வருடமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருடத்துக்குக் கீழே உள்ள குற்றம் என்றால், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு எஃப்ஐஆர் போடலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173(3) சொல்கிறது. 'என் கடையில் புடவை காணாமல் போய்விட்டது, கண்டுபிடித்துத் தரவும்' என்று ஒரு பக்க மனு கொடுத்தால், ஏட்டையா இந்த இரண்டு கதவில் ஒன்றைத் திறந்து உங்களை அனுப்பி வைப்பார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, நீங்கள் கொடுத்தது அவ்வளவுதான்.

அதே மனுவில் ஏழு பேர், எத்தனை மணிக்கு யார் உள்ளே வந்தார், யார் கவுண்டரில் பேச்சுக் கொடுத்தார், யார் மறைத்து நின்றார், யார் எடுத்தார், யார் வண்டியில் காத்திருந்தார், 11 புடவையின் ஸ்டாக் நம்பர், மொத்த மதிப்பு என்று எழுதினால் விஷயமே வேறு. 305, 112 இரண்டுக்கும் ஏழு வருடம் வரை தண்டனை இருப்பதால் அந்த 14 நாள் விசாரணைக் கதவு அங்கே திறக்காது. எஃப்ஐஆர் போட்டாக வேண்டும். போடவில்லை என்றால் எஸ்பி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இது புதுச் சலுகை இல்லை. கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி கசப்பான பகுதி. இந்த வழக்குகள் எங்கே செத்துப்போகின்றன என்றால், பெரும்பாலும் கடை வாசலிலேயே.

சில வருடங்களுக்கு முன் பெரிய கடை ஒன்றில் நான்கு பேர் பிடிபட்டார்கள். ஒரு பெண் முப்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் இடுப்பில் இருந்த குழந்தையைக் கிள்ளி அழவிட்டிருக்கிறார், சேல்ஸ் பெண்கள் குழந்தையைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் மூன்றாவது ஆள் ஒரு புடவைக் கட்டையே பாவாடைக்குள் தைத்திருந்த பைக்குள் இறக்கிவிட்டார். நான்காவது ஆள் படியருகே நின்று ஆள் பார்த்திருக்கிறார். இத்தனை தெளிவாக ஒரு கும்பல் வேலை அமைவது அபூர்வம். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? புடவைகளை வாங்கிக்கொண்டார், நாலு அடி போட்டார், செல்போனில் படம் எடுத்து வியாபாரிகள் வாட்ஸப் குழுவில் போட்டார், அனுப்பிவிட்டார். கேட்டதற்கு, "தீபாவளி சீசன் சார், கோர்ட்டுக்கு அலைய முடியுமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நான்கு பேருக்கும் சட்டத்தில் பத்து வருடம் எழுதியிருந்தால் என்ன, தூக்கு எழுதியிருந்தால் என்ன? அவர்கள் கண்ட தண்டனை நாலு அடிதான். அதைத் தொழில் செலவில் எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

அடித்ததில் இன்னொரு வினையும் இருக்கிறது. பொதுமக்கள் கைது செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது, பிஎன்எஸ்எஸ் 40-இல். உங்கள் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும், ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். குடோனில் பூட்டி வைப்பது, ஆண் ஊழியர் பெண்ணைச் சோதனை போடுவது, படம் எடுத்துப் பரப்புவது, இதெல்லாம் உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். அப்படித் திரும்பிய கட்சிக்காரர் ஒருவருக்கு நான் முன்ஜாமீன் போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எஃப்ஐஆர் வரைக்கும் போன வழக்குகள் இரண்டு இடத்தில் உடைகின்றன. ஒன்று சிசிடிவி. கடையில் 16 கேமரா இருக்கும், பதிவுப் பெட்டியான டிவிஆரில் நேரம் 40 நிமிடம் பின்னால் ஓடும். பதினைந்து நாளில் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். போலீஸ் கேட்கும்போது யாரோ ஒரு பையன் செல்போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பியது மட்டும் மிஞ்சியிருக்கும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும் என்கிறது. அதில் இரண்டு பகுதி: கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திடுவது ஒன்று, நிபுணர் கையெழுத்திடுவது ஒன்று. பதிவை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்ற பெயரில் இருந்தபோதே, மூலக் கருவியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவராவிட்டால் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. சான்றிதழ் இல்லாமல் வந்த வீடியோவை எதிர்த்தரப்பு வக்கீலாக நானே தள்ளுபடி செய்ய வைத்திருக்கிறேன். கடைக்காரர் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

இரண்டாவது, சாட்சி. வழக்கு விசாரணைக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகிறது. நேரில் பார்த்த சேல்ஸ் பெண்ணுக்கு அதற்குள் குடியாத்தத்தில் கல்யாணம் ஆகியிருக்கும், மாமியார் வீட்டுக்குச் சம்மன் போனால் அங்கே வேறு சண்டை. முதலாளி அவளுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கொடுத்து அழைத்து வர மாட்டார். அவள் வந்தாலும், "மூன்று வருடம் ஆச்சுங்க, அடையாளம் தெரியலை" என்பாள். விடுதலை. இப்போது சாட்சியைக் காணொளி மூலம் விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்டு மனு போடுகிறவர்கள் மிகக் குறைவு.

112-க்கு இதற்கும் மேலே ஒரு தடை உண்டு. 'கும்பல்' என்றால் எத்தனை பேர், எவ்வளவு நாள் சேர்ந்து இயங்கியிருக்க வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை. பெரிய அமைப்புசார் குற்றத்தைச் சொல்லும் 111-இல் பத்து வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருக்க வேண்டும் என்ற அளவுகோல் இருக்கிறது. 112-இல் அதுவும் கிடையாது. ஒரே நாளில் ஒரே கடையில் ஏழு பேர் சேர்ந்து திருடினால் அது அன்றைக்கு மட்டும் சேர்ந்துகொண்ட பொது எண்ணமா, கும்பலா? இங்கேதான் மற்ற ஊர் வழக்குகள் உதவும். காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் பெங்களூர், ஒரு பக்கம் திருப்பதி. ரோட்டில் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா. வேலூரில் காலையில் எடுத்தது சாயங்காலம் வேறு மாநிலத்தில் இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை, சித்தூர் என்று இதே ஆட்கள் மேல் இதே பாணியில் இருக்கும் எஃப்ஐஆர்களை விசாரணை அதிகாரி திரட்டினால்தான் 'கும்பல்' நிற்கும். ஒரு ஸ்டேஷன் மட்டும் பார்த்தால் அது எப்போதும் ஒரு புடவைத் திருட்டாகவே தெரியும்.

போலீஸ் நினைத்தால் முடியாததும் இல்லை. 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரில் துளை போட்டு சுமார் 15 கிலோ தங்க, வைர நகைகளை எடுத்துப் போனார்களே, ஒரு வாரத்துக்குள் ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர்ப் பக்கம் சுடுகாட்டில் புதைத்திருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். அது கன்னம் வைத்த வழக்கு, உங்களுடையது வேறு வகை. ஆனால் அங்கே தனிப்படைகள் போட்டார்கள். உங்கள் 11 புடவைக்கு ஒரு ஏட்டும் ஒரு பேப்பரும்.

வக்கீல்களே அதிகம் தொடாத இரண்டு பிரிவுகளைச் சொல்கிறேன். குழந்தையை வைத்துக் குற்றம் செய்ய வைப்பவருக்கு பிஎன்எஸ் 95-இல் குறைந்தது மூன்று வருடம், பத்து வருடம் வரை. புடவைக் கும்பல்களில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எடுக்க வைப்பது வழக்கம், பிடிபட்டால் சின்னப் பிள்ளை என்று விட்டுவிடுவார்கள் என்ற தைரியம். அந்த இடத்தில் 112-ஐ விட 95 கனமானது. இன்னொன்று 317. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது மூன்று வருடம் வரை. அதையே வழக்கமாகச் செய்கிறவருக்கு ஆயுள் அல்லது பத்து வருடம் வரை. 11 பட்டுப்புடவையைக் கும்பல் கட்டிக்கொள்ளவா எடுத்தது? எங்கேயோ ஒரு ஆள் பாதி விலைக்கு வாங்கித் தவணைக்கு விற்கிறான். அவனைத் தொடாமல் எடுத்தவர்களை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், அவன் அடுத்த செட்டை அனுப்புவான்.

கலிபோர்னியாவுக்கு வருகிறேன். அங்கே 2014-இல் மக்கள் வாக்கெடுப்பில் 950 டாலருக்குக் கீழான திருட்டைச் சிறு குற்றமாக்கினார்கள். திட்டமிட்டுக் கூட்டாகக் கடையில் திருடுவதற்கென்று 2018-இல் தனிப் பிரிவு வந்தது. 2024 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பில், ஏற்கெனவே இரண்டு முறை திருட்டில் தண்டனை பெற்றவர் மறுபடி திருடினால் மதிப்பு குறைவாக இருந்தாலும் பெருங்குற்றமாக வழக்குப் போடலாம் என்று திருப்பினார்கள். நம்மிடம் இது பழைய சட்டத்திலிருந்தே இருக்கிறது. இப்போது பிஎன்எஸ் 13-இன்படி, மூன்று வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய சொத்துக் குற்றத்தில் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் அப்படிப்பட்ட குற்றத்தை மறுபடி செய்தால் பத்து வருடம், ஏன், ஆயுள் வரைக்கும்கூடப் போகலாம். அங்கே நடந்த ஒரு கூத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021-இல் கடைகளுக்கு ஏற்பட்ட 94.5 பில்லியன் டாலர் சரக்கு இழப்பில் கிட்டத்தட்ட பாதி திட்டமிட்ட கும்பல்களால் என்று அமெரிக்கச் சில்லறை வணிகர் சங்கம் ஓர் அறிக்கையில் சொல்லியிருந்தது. 2023 டிசம்பரில் அந்த வரியைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த மொத்த இழப்பில் ஊழியர் எடுத்தது, பில் போடுவதில் தவறு, கணக்குப் பிசகு எல்லாம் சேர்ந்தே இருந்தது. உங்கள் கடையிலும் வருடக் கடைசி ஸ்டாக்கில் குறைவதை எல்லாம் கும்பல் கணக்கில் எழுதாதீர்கள். ஊழியர் திருட்டுக்கு 306 என்று தனிப் பிரிவே இருக்கிறது.

தண்டனையைக் கூட்டுவதன் எல்லையை இங்கிலாந்து பார்த்துவிட்டது. 1699-இல் அங்கே கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு என்று சட்டம் போட்டார்கள். என்ன ஆயிற்று? ஜூரிகள் பட்டுத் துணியைப் பார்த்துவிட்டு, இதன் விலை நாலு ஷில்லிங் பத்துப் பென்ஸ் என்று மனசாட்சியோடு பொய் சொல்லித் தூக்கிலிருந்து காப்பாற்றினார்கள். ஒரு துணிக்காக ஆள் சாக வேண்டுமா என்று கடைக்காரர்களே புகார் கொடுக்கத் தயங்கினார்கள். 1820-களில் அந்தத் தூக்கு ஒழிந்தது. உங்கள் பத்து வருடமும் அப்படித்தான் ஆகும். மாஜிஸ்திரேட்டும் மனிதர்தான். குறைந்தபட்சம் பெரிதாக இருந்தால், சந்தேகத்தின் பலனை முன்பே கொடுத்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். கும்பல் என்ற சொல் இந்த மண்ணில் எந்த ஆட்கள் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியில் பிறந்ததற்காகவே தினமும் ஸ்டேஷனில் ரேகை வைத்தவர்கள் வட ஆற்காட்டிலும் இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் போய்விட்டது, சீர்மரபினர் என்ற பெயர் வந்தது. ஆனால் கடையில் ஒன்று காணாமல் போனால் பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி விற்கிற பெண்களை முதலில் இழுத்துக்கொண்டு போவது இன்னும் நிற்கவில்லை. உறுப்பினராக இருந்து 'தனியாகச்' செய்தாலும் கும்பல் குற்றம் என்கிற 112-ஐ அளவுகோல் இல்லாமல் நீட்டினால், பழைய சட்டம் புது எண்ணில் வந்த மாதிரிதான். இந்தப் பிரிவை இன்னும் கடுமையாக்கக் கேட்கிறவர்கள், முதலில் கும்பல் என்பதற்கு ஒரு விளக்கம் கேட்கட்டும். அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். குண்டர் சட்டத்தில் போடச் சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அது 1982-ஆம் வருடச் சட்டம், விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அது தண்டனையே இல்லை, தடுப்புக் காவல். அந்த உத்தரவுகளில் ஏராளமானவை ஹைகோர்ட்டில் நிற்பதில்லை.

இனி உங்கள் 11 புடவைக்கு. டிவிஆரை இன்றே நிறுத்தி, ஹார்டு டிஸ்க்கைத் தனியே எடுத்து வையுங்கள், எடுத்த நாளையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டிவிஆர் நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று பணியில் இருந்த பெண்களின் பெயர், பிறந்த வீட்டு முகவரி, செல்போன் எண் மூன்றும் தேவை. கொள்முதல் பில்லில் அந்த 11 எண்களையும் கோடு போட்டு வையுங்கள். எதிர்க்கடை கேமராவில் வண்டி நம்பர் கிடைக்குமா என்று பாருங்கள், அங்கேயும் பதினைந்து நாள் கணக்குதான். பிறகு இரண்டாவது புகார் மனுவை, முதல் சிஎஸ்ஆர் எண்ணைக் குறிப்பிட்டு, 305, 112, 317 என்று பிரிவுகளைச் சொல்லியே கொடுங்கள். குழந்தை இருந்திருந்தால் 95-ஐயும் சேருங்கள். ஒரு நகலை எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

நாளை புடவை கிடைத்துவிட்டால், கேஸ் முடியும் வரை ஸ்டேஷனில் கிடந்து பூச்சி அரிக்குமே என்று பயப்பட வேண்டாம். படமும் வீடியோவும் எடுத்து வைத்துக்கொண்டு பொருளைச் சீக்கிரம் விடுவிக்க பிஎன்எஸ்எஸ் 497-இல் வழி இருக்கிறது, கோர்ட்டுக்குக் காலக்கெடுவும் வைத்திருக்கிறார்கள். பொருள் கைக்கு வந்துவிட்டது என்று சாட்சி சொல்ல வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அப்படி வராமல் போன ஒரு கடைக்காரரின் வழக்கில்தான், பழைய 380-இல், என் கட்சிக்காரர்கள் மூன்று பேரும் போன வருடம் விடுதலையானார்கள்.